பழைய வீட்டு மாடியில் டாய்லெட் சேர்க்கிறீர்களா? குழாய், தளம், தண்ணீர் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

முப்பது நாற்பது வருடங்களுக்கு முன் கட்டிய வீடுகள் பலவற்றில் கழிப்பறை கீழேதான் இருக்கும். அதுவும் பின்கட்டில், கிணற்றடிப் பக்கம். மாடியில் இருப்பது ஒரு படுக்கையறை, அல்லது வெறும் மொட்டை மாடி. வயதானவர்கள் இரவில் படி இறங்க முடியாமல் போகும்போதோ, மகனுக்குக் கல்யாணம் நிச்சயமாகும்போதோ மாடியில் ஒரு டாய்லெட் வேண்டும் என்ற பேச்சு வரும். தமிழ்நாட்டில் உள்ள அப்படிப்பட்ட வீடுகளை மனதில் வைத்து இந்தப் பதில்கள்.

மாடியில் எந்த மூலையில் டாய்லெட் வைப்பது?

படுக்கைக்கு எது பக்கம் என்று பார்த்து இடத்தை முடிவு செய்துவிட்டுக் கடைசியில் பிளம்பரைக் கூப்பிடுவதுதான் வழக்கம். பாதிச் சிக்கல் அங்கேயே ஆரம்பமாகிவிடும். முதலில் வீட்டை வெளியே சுற்றி வாருங்கள். கழிவு போய்ச் சேரும் சேம்பர் எங்கே இருக்கிறது, அதற்கு நேராக மேலே எந்த வெளிச்சுவர் நிற்கிறது என்று பாருங்கள். அந்தச் சுவரை ஒட்டித்தான் டாய்லெட் வர வேண்டும். கோப்பையின் பின்புறம் வெளிச்சுவரைப் பார்த்து இருந்தால் மலக்குழாய் அரை அடியிலேயே சுவரைத் தாண்டி வெளியே போய்விடும். அங்கிருந்து செங்குத்தாக இறங்கிச் சேம்பரைச் சேரும். கீழ்த்தளத்தின் கூரையையும் தொட வேண்டாம்.

வீட்டின் நடுவில் வைத்தால் 4 அங்குலக் குழாய் பத்து, பதினைந்து அடிக்குப் படுக்கையாக ஓட வேண்டும். பத்து அடிக்கு 3 அங்குலம் வாட்டம் வேண்டும். அந்த 3 அங்குலத்தையும் குழாயின் 4 அங்குலத்தையும் தரைக்குள் ஒளிக்க இடம் கிடையாது. அப்புறம் கீழ்வீட்டுக் கூடத்தின் சீலிங்கில் குழாய் தொங்கும், அதற்கு ஃபால்ஸ் சீலிங் போடுவார்கள், ஒழுகினால் அது ஊறி விழும்வரை யாருக்கும் தெரியாது.

சமையலறைக்கும் பூஜை அறைக்கும் மேலே வேண்டாம் என்று வீட்டில் பெரியவர்கள் சொன்னால் மறுக்காதீர்கள். என்றாவது ஒருநாள் கசியத்தான் போகிறது. அது அடுப்பு மேல் சொட்ட வேண்டாம்.

எங்களுடையது மெட்ராஸ் டெரஸ் கூரை. அதன் மேல் கட்டலாமா?

கூடாது. தேக்குக் கட்டைகளை வரிசையாகப் போட்டு, அவற்றின் மேல் மெல்லிய செங்கற்களைச் சுண்ணாம்புச் சாந்தில் நெருக்கி நிறுத்தி, அதற்கு மேல் செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் இடித்துப் போட்டு, தட்டோடு பதித்த கூரை அது. காய்ந்தே இருக்கும்வரை நூறு வருடம்கூட நிற்கும். நாள்தோறும் ஈரம் பட்டால் கட்டைகளின் முனை சுவருக்குள்ளேயே உளுத்துவிடும். முனை உளுத்தது வெளியே தெரியாது, ஒருநாள் கட்டை இறங்கும்போதுதான் தெரியும்.

இதற்கு நல்ல வழி, வீட்டை ஒட்டி வெளியே தனியாக நான்கு கான்கிரீட் தூண் எழுப்பி, அதன் மேல் மாடி மட்டத்தில் 5 அடிக்கு 7 அடி டாய்லெட் கட்டுவது. தூண்களுக்குத் தனி அஸ்திவாரம் வேண்டும். பழைய சுவருக்கும் புதியதற்கும் நடுவே ஓர் அங்குலம் இடைவெளி விட்டு, மழைநீர் இறங்காதபடி மேலே மூடுங்கள். இரண்டையும் சேர்த்துக் கட்டினால், புதிய அஸ்திவாரம் சற்றே அமரும்போது சேர்ந்த இடத்தில் விரிசல் விடும். வாசல் வைக்கப் பழைய சுவரை உடைக்க வேண்டியிருக்கும். சுண்ணாம்புச் சாந்தில் கட்டிய சுவர் என்றால் முதலில் லிண்டல் (வாசலுக்கு மேலே சுவரைத் தாங்கும் குறுக்கு விட்டம்), அது இறுகிய பிறகே அதன் கீழே உடைப்பு. இப்படிக் கட்டும்போது குழாய்கள் தரைக்குள் மறையும்படி தளத்தை ஓர் அடி தாழ்த்திச் சங்கனாகவே போட்டுக்கொள்ளலாம் என்பது கூடுதல் வசதி.

கான்கிரீட் தளம்தான். தாங்குமா?

கோப்பையும் மனிதரும் ஒரு கனமே இல்லை. கனமெல்லாம் சுவரும் நிரப்பலும்தான். மொட்டை மாடித் தளத்தைச் சதுர மீட்டருக்கு 150 கிலோ, குடியிருக்கும் அறையின் தளத்தை 200 கிலோ ஏறும் சுமைக்குக் கணக்கிடுவது இந்தியத் தரநிலை. இப்போது இந்தக் கணக்கைப் பாருங்கள்: 5 × 7 அடி அறையில், குழாயை மறைக்க ஓர் அடி உயரத்துக்குச் செங்கல் துண்டும் சாந்தும் போட்டு நிரப்பினால் சுமார் ஒரு கன மீட்டர், அதாவது 1.8 டன். அந்த இடத்துக்கு அனுமதித்த ஏறும் சுமை, 200 கிலோ கணக்கில், 650 கிலோதான். மேஸ்திரி "ஒண்ணும் ஆகாதுங்க" என்பார். உடனே ஒன்றும் ஆகாது, உண்மைதான். சில வருடத்தில் தளம் நடுவில் தொய்ந்து, கீழே சீலிங்கில் விரிசல் ஓடி, அதன் வழியாக ஈரம் கம்பியைத் தொடும்.

சுவரும் அப்படித்தான். நாலரை அங்குலச் செங்கல் சுவர், இருபுறப் பூச்சோடு, 3 மீட்டர் உயரத்துக்கு எழுப்பினால் மீட்டர் நீளத்துக்கு 800 கிலோ வரும். காற்றறைகள் கொண்ட, எடை குறைந்த 4 அங்குல ஏஏசி பிளாக்கில் கட்டினால் பாதிக்கும் குறைவு. கீழே சுவரோ பீமோ இருக்கும் கோட்டின் மேலேயே புதிய சுவரும் வந்தால் கவலை பெரும்பாலும் தீர்ந்தது. தளத்தின் நடுவில் வந்தால் கட்டமைப்புப் பொறியாளர் ஒருவர் நேரில் பார்க்காமல் கட்டாதீர்கள்.

பொறியாளரைக் கூப்பிடும் முன்னே நீங்களே ஒன்று செய்யலாம். கீழ்வீட்டுச் சீலிங்கை ஒரு சின்னச் சுத்தியலால் அடிக்கு ஓர் இடமாகத் தட்டிக்கொண்டே போங்கள். கெட்டியான கான்கிரீட் 'டங்' என்கும். உள்ளே கம்பி துருப்பிடித்துப் பூச்சு விலகிய இடம் 'டொப்' என்று வெற்றாக ஒலிக்கும். பழுப்புக் கோடு, உதிர்ந்த பூச்சு, வெளியே தெரியும் கம்பி ஏதாவது இருந்தால் டாய்லெட் பேச்சைத் தள்ளி வைத்துவிட்டுத் தளத்தை முதலில் சரி செய்யுங்கள். கடற்கரை ஊர்களில் இது சகஜம்.

எங்கள் தளத்தில் சங்கன் விடவில்லை. குழாய் எப்படிப் போகும்?

இந்தப் பக்கத்துக்கு வருகிறவர்கள் அதிகம் கேட்பது இதுதான். இரண்டு குழாய்களைத் தனித்தனியாக யோசியுங்கள்.

மலக்குழாய்க்குச் சங்கன் தேவையே இல்லை. பி-டிராப் வெஸ்டர்ன் கோப்பை வாங்குங்கள். அதன் கழிவு வாய் பின்பக்கமாக, முடிந்த தரையிலிருந்து சுமார் 180 மி.மீ. உயரத்தில் இருக்கும். சுவரில் ஒரு துளை, நேரே வெளியே. சுவரில் தொங்கும் மாடலில் அது 220, 230 மி.மீ. வரை உயரும், கம்பெனிக்குக் கம்பெனி மாறும். கோப்பையை வாங்கி வீட்டில் வைத்து அளந்த பிறகே துளை போடச் சொல்லுங்கள். கடைக்காரர் எஸ்-டிராப் கோப்பையைத் தள்ளிவிடப் பார்ப்பார், ஏமாறாதீர்கள். அது தரைக்குள் நேராக இறங்குவது, உங்களுக்கு உதவாது.

சிக்கல் கொடுப்பது குளிக்கும் தண்ணீர். அதை வாங்கும் நானி டிராப் (நாற்றம் ஏறாதபடி உள்ளே கொஞ்சம் நீர் தேங்கி நிற்கும் கிண்ணம்) தரைமட்டத்துக்குக் கீழே இருந்தாக வேண்டும். அதற்கு மூன்று வழிகள் உண்டு.

முதல் வழி, தரையை 5 அல்லது 6 அங்குலம் உயர்த்துவது. உயரம் குறைந்த நானி டிராப்பை வெளிச்சுவரிலிருந்து ஓர் அடிக்குள் வைத்து, 75 மி.மீ. குழாயைச் சுவர் வழியாக வெளியே எடுத்துவிடுங்கள். டிராப் குட்டையாக இருக்கலாம். அதில் தேங்கி நிற்கும் நீரின் ஆழம் 50 மி.மீ.க்குக் குறையக் கூடாது. கடையிலேயே தண்ணீர் ஊற்றி ஒரு ஸ்கேலை விட்டுப் பார்த்துவிடலாம். உயர்த்திய இடத்தைச் செங்கல் துண்டால் நிரப்பாமல் ஏஏசி பிளாக் துண்டுகளால் நிரப்புங்கள். கனம் மூன்றில் ஒரு பங்காகும். வாசலில் ஒரு படி வரும். வயதானவர்களுக்காகக் கட்டுவதென்றால் அந்தப் படிக்குப் பக்கத்தில் ஒரு கைப்பிடியும் சேர்த்துப் பொருத்திவிடுங்கள்.

இரண்டாவது வழி மொட்டை மாடியில் கட்டுகிறவர்களுக்கு மட்டும். அங்கே தட்டோடும் அதன் கீழே சுருக்கியும் (செங்கல் ஜல்லி, சுண்ணாம்புக் கலவை) சேர்ந்து 4 அங்குலம் இருக்கும். டாய்லெட் வரும் இடத்தில் மட்டும் அதைக் கான்கிரீட் தெரியும்வரை பெயர்த்தெடுத்தால் 4 அங்குல ஆழம் இலவசமாகக் கிடைக்கும். சதுர மீட்டருக்கு 150 கிலோவுக்கு மேல் கனமும் குறையும். அப்போது படி இரண்டு அங்குலத்தில் முடியலாம். பெயர்த்த விளிம்பைச் சாந்து வைத்து நன்றாக மூட வேண்டும். இல்லாவிட்டால் மொட்டை மாடி மழைநீர் தட்டோட்டுக்கு அடியில் ஊர்ந்து டாய்லெட்டுக்குள் வரும்.

மூன்றாவது, தளத்தில் துளை போட்டு டிராப்பைக் கீழ்ச் சீலிங்கில் தொங்கவிடுவது. கீழே இருப்பதும் டாய்லெட்டோ வேலை செய்யும் இடமோ என்றால் இதுவே மேல். படி வராது, கனம் இல்லை, ஒழுகினால் உடனே கண்ணில் படும், தரையை உடைக்காமல் கீழிருந்தே பழுது பார்க்கலாம்.

தளத்தில் துளை போட்டால் பலம் போய்விடாதா?

கோர் கட்டிங் மெஷினால் போடும் 4 அல்லது 5 அங்குல வட்டத் துளை ஒன்றிரண்டு பெரும்பாலும் பாதிக்காது. சம்மட்டியும் உளியும் வைத்து உடைப்பதுதான் பாதிக்கும். ஓர் அடி சதுரத்துக்குக் கான்கிரீட் அதிர்ந்து, கீழே பூச்சு கொட்டும். பீமிலும் தூணிலும் துளை கூடவே கூடாது. கம்பி எங்கே ஓடுகிறது என்று கருவி வைத்துப் பார்த்து, இரண்டு கம்பிக்கு நடுவே மெஷினை வையுங்கள். குழாய் வைத்த பின் சுற்றியுள்ள இடைவெளியைச் சுருங்காத கிரௌட் ஊற்றி அடைக்க வேண்டும். சாதாரணச் சிமெண்ட் சாந்து காயும்போது சுருங்கி, குழாயைச் சுற்றி ஒரு நூல் அளவு இடைவெளி விடும். கழிப்பறைக் கசிவுகளில் பல அந்த நூலிலிருந்துதான்.

இந்தியன் டாய்லெட் வைக்க முடியுமா?

கோப்பையும் அதன் கீழே டிராப்புமாக ஓர் அடி ஆழம் வேண்டும். சங்கன் இல்லாத தளத்தில் அதற்காக ஓர் அடி மேடை கட்ட வேண்டியிருக்கும். மேலே சொன்ன 1.8 டன் கணக்கு நினைவிருக்கட்டும். உட்காரும் பகுதியை மட்டும் மேடையாக்கி, குளிக்கும் பகுதியைத் தாழ்வாக விடலாம். கட்டாயம் இல்லாவிட்டால் வெஸ்டர்னே போதும்.

என்ன குழாய், என்ன அளவு வாங்குவது?

மலக்குழாய்க்கு 110 மி.மீ. எஸ்.டபிள்யூ.ஆர். (கழிவுக்கும் மழைநீருக்குமான) பிவிசி குழாய். அதில் ஐஎஸ் 13592 என்ற எண்ணும் 'டைப் பி' என்ற எழுத்தும் அச்சாகியிருக்க வேண்டும். டைப் ஏ மழைநீருக்கும் காற்றுக்குழாய்க்கும் ஆனது, 110 மி.மீ.யில் அதன் சுவர் 2.2 மி.மீ. கனம்தான், டைப் பி 3.2 மி.மீ. தூரத்திலிருந்து பார்த்தால் இரண்டும் ஒன்றுபோல இருக்கும். விலை குறைவாக ஒரு கொட்டேஷன் வந்தால் இங்கேதான் கை வைத்திருப்பார்கள்.

நானி டிராப்புக்கு 75 மி.மீ., வாஷ்பேசினுக்கு 40 அல்லது 50 மி.மீ. ஒரு மாடி வீட்டுக்கு 3 மீட்டர் நீளக் குழாய் மூன்று, மூடி வைத்த டீ ஒன்று, அடியில் 45 டிகிரி பெண்ட் இரண்டு, மூடி போட்ட வாய் ஒன்று, உச்சிக்குக் கவுல் (காற்று போகும் துளையுள்ள மூடி), கிளாம்புகள் பத்து, பன்னிரண்டு. மலக்குழாய் அவ்வளவுதான். கழிவுநீர்க் குழாய்க்கு இதே போல 75 மி.மீ.யில் தனியாக வாங்க வேண்டும்.

இணைப்பு, ரப்பர் வளையம் வைத்த ரிங் ஃபிட்டாகவே இருக்கட்டும். வெயிலில் நிற்கும் 3 மீட்டர் பிவிசி குழாய் இரவுக்கும் நண்பகலுக்கும் இடையே 5 மி.மீ. வரை நீளும், சுருங்கும். அதற்காகக் குழாயை சாக்கெட்டுக்குள் முழுதாகத் தள்ளி, பென்சிலால் கோடு போட்டு, 10 மி.மீ. வெளியே இழுத்து விட வேண்டும். இதைச் செய்யாமல் பேஸ்ட் போட்டு இறுக்கினால் நீளும் குழாய் கோப்பையையே நெம்பும். ரப்பர் வளையத்துக்குச் சோப்பு நீர் தடவலாம். மெஷின் ஆயில், கிரீஸ் தடவினால் ரப்பர் ஊதிப்போகும்.

கோப்பையையும் குழாயையும் சிமெண்ட் வைத்து ஒட்டாதீர்கள். ரப்பர் உள்ள டபிள்யூ.சி. கனெக்டர் போடுங்கள், நாளைக்கு அடைத்தால் கழற்றலாம். கோப்பையின் அடியும் அப்படியே. போல்ட் முடுக்கி, சுற்றிலும் சிலிக்கான். சிமெண்டில் புதைத்த கோப்பையை உடைக்காமல் எடுப்பது கஷ்டம்.

கீழ் டாய்லெட்டின் குழாயிலேயே இணைத்தால் செலவு குறையுமே?

குறையும், சில மாதங்களுக்கு. மாடியிலிருந்து விழும் ஒரு ஃப்ளஷ் 10 அடி இறங்கி அடியில் திரும்பும்போது வேகம் குறைந்து, அந்த இடத்தில் ஒரு கணம் குழாய் நிரம்பும். கீழ்வீட்டுக் கோப்பை அந்தத் திருப்பத்துக்குப் பக்கத்தில் இணைந்திருந்தால், தள்ளப்படும் காற்று அதன் வழியாக வெளியேறும். கீழே உட்கார்ந்திருப்பவருக்கு 'களக் களக்' என்று சத்தம் கேட்கும். சில சமயம் தண்ணீரும் தெறிக்கும். அடைப்பு விழுந்தால் மாடிக் கழிவு முழுவதும் கீழ்வீட்டுக் கோப்பை வழியாகத்தான் பொங்கும்.

ஆகவே மாடிக்குத் தனிக் குழாய். அது நேராகச் சேம்பருக்குப் போகட்டும், கீழ் டாய்லெட் தன் பழைய வழியிலேயே இருக்கட்டும். அடியில் 90 டிகிரியில் ஒரே மடக்காகத் திருப்பாமல் 45 டிகிரி பெண்ட் இரண்டு வைத்துத் திருப்புங்கள். பக்கத்தில் மூடி போட்ட வாய் ஒன்று கையெட்டும் உயரத்தில் இருக்க வேண்டும், சுவருக்குள் புதைத்து வைத்தால் பயனில்லை.

குளியல், பேசின் தண்ணீரை இன்னொரு 75 மி.மீ. குழாயில் இறக்கி, தரையில் கல்லி டிராப் (நாற்றத்தைத் தடுக்க நீர் தேங்கி நிற்கும் சிறு தொட்டி) வழியாக விடுங்கள். கூரை மழைநீரை இவை எதிலும் சேர்க்காதீர்கள். ஐப்பசி மழையில் கீழ்வீட்டு டாய்லெட் பொங்குவதற்குப் பல வீடுகளில் இதுவே காரணம்.

ஏர் பைப் அவசியமா?

அவசியம். 6 லிட்டர் தண்ணீர் குழாயில் இறங்கும்போது தன் பின்னால் காற்றை இழுக்கும். மேல் முனை மூடியிருந்தால் அந்தக் காற்று வேறெங்கிருந்தும் வர முடியாமல், கோப்பையின் டிராப்பில் தேங்கியிருக்கும் தண்ணீரை உறிஞ்சிக்கொண்டு வரும். அந்தத் தண்ணீர்தான் நாற்றம் வீட்டுக்குள் வராமல் தடுக்கும் ஒரே கதவு. ஃப்ளஷ் செய்தபின் பாத்ரூமில் நாற்றம் வருகிறது, பினாயில் ஊற்றியும் போகவில்லை என்றால் டிராப்புக்குள் டார்ச் அடித்துப் பாருங்கள்.

மலக்குழாயை டீக்கு மேலேயும் அதே 110 மி.மீ.யில் தொடர்ந்து கூரைக்கு மேல் கொண்டுபோக வேண்டும். மேலே யாரும் போகாத கூரை என்றால் 60 செ.மீ. போதும். துணி காயப்போடும், வடகம் போடும் மாடி என்றால் 2 மீட்டர். பக்கத்தில் ஜன்னல் இருந்தால் அதன் மேல் விளிம்பையும் தாண்டிப் போகட்டும். உச்சியில் கவுல் மாட்டி, கொசுவலைத் துணி ஒன்றைக் கட்டிவிடுங்கள். செப்டிக் டேங்கில் பெருகும் கொசுவுக்கு அதுதான் வெளியேறும் வழி.

சேம்பர் வரை தரையடிக் குழாய் பழைய ஸ்டோன்வேர் (சுட்ட களிமண்). மாற்ற வேண்டுமா?

மூடியைத் திறந்து, மாடியிலிருந்து இரண்டு வாளித் தண்ணீரை ஒரே மூச்சில் ஊற்றச் சொல்லிப் பாருங்கள். சேம்பரில் மட்டம் ஏறாமல் ஓடிவிட்டால் விட்டுவிடலாம். தேங்கித் தேங்கிப் போனால் உள்ளே வேர் நுழைந்திருக்கும், அல்லது ஒரு துண்டு அமிழ்ந்திருக்கும். தென்னையோ வேம்போ பக்கத்தில் நின்றால் சந்தேகமே வேண்டாம். தோண்டும்போதே 110 மி.மீ. பிவிசி வைத்து மாற்றிவிடுங்கள். வாட்டம் 40க்கு 1.

புதிய குழாய் சேம்பருக்குள் நுழையும் இடத்தில் ஓட்டத்தின் திசை பார்த்து வளைந்து சேர வேண்டும். எதிர்ச் சுவரில் மோதும்படி விட்டால் மலம் சேம்பருக்குள் ஓடையின் இருபுறமும் உள்ள சிமெண்ட் மேடையில் ஏறி அங்கேயே காயும்.

பழைய செப்டிக் டேங்க் போதுமா?

கோப்பைகளின் எண்ணிக்கை கணக்கில்லை, ஆட்களின் எண்ணிக்கைதான் கணக்கு. அதே ஐந்து பேர் இனி மாடியிலும் போவார்கள் என்றால் டேங்குக்கு ஒரு வித்தியாசமும் இல்லை. மாடியில் வாடகைக்குக் குடிவைக்கப் போகிறீர்கள் என்றால் அளந்து பாருங்கள். ஐஎஸ் 2470 தரநிலைப்படி இரண்டு வருடத்துக்கு ஒருமுறை சுத்தம் செய்யும் டேங்க், 5 பேருக்கு 1.5 மீ. நீளம், 0.75 மீ. அகலம், நீர் ஆழம் 1.05 மீ.; 10 பேருக்கு 2 மீ., 0.9 மீ., 1.4 மீ. இதற்கு மேல் 30 செ.மீ. காலியிடம்.

பல பழைய வீடுகளில் செப்டிக் டேங்க் என்று சொல்வது அடி திறந்த உறைக்கிணறுதான். கழிவு நேரே மண்ணுக்குள் இறங்கும். வீட்டுக் கிணறோ போரோ 60 அடிக்குள் இருந்தால், புதுக் கழிப்பறை கட்டும் செலவோடு சேர்த்து அதையும் முறையான டேங்காக மாற்றுவதே நல்லது. குளிக்கும் தண்ணீரை டேங்குக்குள் விடாதீர்கள். மலம் மட்கும் முன் அடித்துக்கொண்டு போய்விடும்.

டேங்கைப் பார்க்கவோ சுத்தம் செய்யவோ யாரையும் உள்ளே இறக்கக் கூடாது. பாதுகாப்புக் கருவிகள் இல்லாமல் ஆளை இறக்கிச் சுத்தம் செய்யவைப்பது 2013ஆம் ஆண்டுச் சட்டப்படி குற்றம். உள்ளே உள்ள வாயு இரண்டு மூச்சில் ஆளைச் சாய்த்துவிடும். லாரி வைத்து உறிஞ்சி எடுப்பதுதான் வழி.

தண்ணீர் மாடிக்கு வருமா?

மொட்டை மாடியில் டேங்க் நிற்கிறது, அதே மொட்டை மாடியில் டாய்லெட் கட்டுகிறீர்கள் என்றால் வராது. டேங்கின் அடியும் ஃப்ளஷ் டேங்கின் வாயும் ஒரே மட்டத்தில் வந்துவிடும். டேங்கைப் புதிய டாய்லெட்டின் கூரைக்கு மேலே ஏற்ற வேண்டும். 500 லிட்டர் டேங்க் நிறைந்தால் அரை டன். சுவர்கள் சேரும் மூலையின் மேல் உட்காரட்டும், தளத்தின் நடுவில் வேண்டாம். டேங்க் பத்தடி மேலே போவதால் மோட்டார் தள்ளுமா என்பதை அதன் தகட்டில் உள்ள 'ஹெட்' எண்ணை (எவ்வளவு உயரத்துக்குத் தண்ணீரைத் தள்ளும் என்ற அளவு) பார்த்துத் தெரிந்துகொள்ளலாம்.

ஒவ்வொரு மீட்டர் உயரத்துக்கும் 0.1 பார் அழுத்தம்தான் கிடைக்கும். ஷவர் தலைக்கும் டேங்க் அடிக்கும் நடுவே ஒரு மீட்டர் என்றால் ஷவர் சொட்டத்தான் செய்யும். டேங்கிலிருந்து ஓர் அங்குலக் குழாய், டாய்லெட்டுக்குள் முக்கால், ஒவ்வொரு டேப்புக்கும் அரை என்று இறக்குங்கள். பழைய அரை அங்குல ஜி.ஐ. குழாயிலிருந்து கிளை எடுக்க வேண்டாம். அறுத்துப் பார்த்தால் துருவும் உப்பும் படிந்து பென்சில் நுழையும் துவாரம்தான் மிச்சம் இருக்கும். வெந்நீருக்குச் சிபிவிசி. வெளிச்சுவரில் வெயிலில் ஓடும் சிபிவிசிக்குப் பெயிண்ட் அடித்துவிடுங்கள். டேங்கிலிருந்து இறங்கிய குழாய் மறுபடி மேலே ஏறி இறங்கும்படி மடக்காதீர்கள். அந்த மேட்டில் காற்று அடைத்து, டேங்க் நிறைய இருந்தும் டேப்பில் தண்ணீர் வராது.

சுவருக்குள் மறையும் ஃப்ளஷ் வால்வ் இந்த அழுத்தத்துக்குச் சரிப்படாது. 3, 6 லிட்டர் இரட்டைப் பொத்தான் ஃப்ளஷ் டேங்க் வாங்குங்கள்.

கசிவு வராமல் எப்படிப் பார்ப்பது?

டைல்ஸ் தண்ணீரைத் தடுக்காது. டைல்ஸ் இடுக்கில் இறங்கும் தண்ணீரை அடியில் தடுப்பதுதான் வேலை. தளத்தைச் சுத்தமாகத் தேய்த்துக் கழுவி, சுவரும் தரையும் சேரும் மூலையில் சாந்தால் சாய்வாக மெழுகி, நீர்த்தடுப்புப் பூச்சு இரண்டு கோட், ஒன்றுக்கொன்று குறுக்காக. சுவரில் ஓர் அடி வரை, ஷவர் பக்கம் ஆளுயரம் வரை. பிறகு வாசலில் சாந்து வரப்பு கட்டி 2 அங்குலம் தண்ணீர் நிறுத்தி, மூன்று நாள் விட்டு, கீழ்ச் சீலிங்கைப் பாருங்கள். பூச்சடித்த மறுநாளே டைல்ஸ் ஒட்ட அவசரப்படும் மேஸ்திரியை இங்கே மட்டும் விட்டுக்கொடுக்காமல் நிறுத்தி வையுங்கள்.

தரையை உயர்த்தியிருந்தால் அல்லது சங்கன் இருந்தால், நிரப்பலுக்கு அடியில், தளத்தை ஒட்டி ஓர் அங்குலக் குழாய்த் துண்டை வெளிச்சுவர் வழியாக நீட்டி வைக்கவும். அது எப்போதும் காய்ந்திருக்க வேண்டும். என்றாவது சொட்டினால் உள்ளே குழாய் கசிகிறது என்று பொருள். சீலிங்கில் ஓதம் ஏறும் முன்னே தெரிந்துவிடும்.

அனுமதி வேண்டுமா? எவ்வளவு இடம் வேண்டும்?

மாடியில் புதிதாகக் கட்டடம் எழுப்பினால் உள்ளாட்சி அனுமதி வேண்டும். 2019ஆம் ஆண்டுத் தமிழ்நாடு ஒருங்கிணைந்த கட்டட விதிகளின்படிப் பக்கவாட்டு இடைவெளியும் பார்ப்பார்கள். வெளியே தூண் எழுப்புகிறவர்கள் இதை முதலிலேயே விசாரிக்க வேண்டும். இடத்தைப் பொறுத்தவரை, தேசியக் கட்டட விதித்தொகுப்பு கழிப்பறைக்கு மட்டும் 1.1 சதுர மீட்டர், குளியலறையும் சேர்ந்தால் 2.8 சதுர மீட்டர் குறைந்தபட்சம் என்கிறது. 5 × 6½ அடிக்குள் இது அடங்கும்.

வீட்டின் நடுவில்தான் இடம் இருக்கிறது. மோட்டார் வைத்துத் தள்ளும் டாய்லெட் போடலாமா?

மலத்தை அரைத்துச் சிறு குழாயில் தள்ளும் பம்புகள் கிடைக்கின்றன. கரண்ட் போனால் டாய்லெட்டும் போய்விடும். ஒரு துணியோ நாப்கினோ விழுந்தால் பம்பைக் கழற்ற வேண்டும். வேறு வழியே இல்லாதவர்களுக்கு மட்டும்.

பிளம்பருக்குக் கடைசித் தவணை கொடுக்கும் முன் எதைப் பார்க்க வேண்டும்?

குழாய்களை மூடும் முன்பே மலக்குழாயின் அடி வாயை அடைத்து, மாடி மட்டம் வரை தண்ணீர் நிரப்பி அரை மணி நேரம் விடச் சொல்லுங்கள். மட்டம் இறங்கக் கூடாது. தண்ணீர்க் குழாய்க்குக் கை பம்ப் வைத்து 7 கிலோ அழுத்தம் ஏற்றினால் முள் ஒரு மணி நேரம் அசையாமல் நிற்க வேண்டும். எல்லாம் முடிந்தபின் ஒருவர் மாடியில் ஐந்தாறு முறை ஃப்ளஷ் செய்ய, இன்னொருவர் கீழ் டாய்லெட்டில் நின்று கோப்பைத் தண்ணீர் ஆடுகிறதா என்று பார்க்கட்டும். ஒரு வாளியைக் குளிக்கும் இடத்தில் கவிழ்த்து, தண்ணீர் எந்த மூலையிலும் நிற்காமல் நானி டிராப்புக்கு ஓடுகிறதா என்று பாருங்கள்.

டைல்ஸ் ஒட்டும் முன், சுவரோடு ஒரு டேப்பை விரித்து வைத்து, எல்லாக் குழாய்களையும் போனில் படம் எடுத்து வையுங்கள். பிறகு கண்ணாடி மாட்ட டிரில் போடுகிறவர் எந்த இடத்தில் போடக் கூடாது என்பதற்கு அந்தப் படம்தான் சாட்சி.